ஐந்து பேருக்கும் ஒரே குணம்

ஜூன் 5, திங்கள்

இந்த நோட்டை உத்ரா மேடம் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் பயிற்சி நடத்த வந்தவர். இன்றிலிருந்து ஒரு மாதம், அன்றன்று நடந்ததை எழுத வேண்டுமாம். எழுதினால் நம் குணம் நமக்கே தெரிய வருமாம். என் குணம் எனக்குத் தெரியாதா என்ன? நாற்பத்து நான்கு வருடமாக அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். இருந்தாலும் நோட்டின் அட்டை அழகாக இருக்கிறது, வீணாக்க மனமில்லை.

என் பெயர் சாந்தாமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்கு நான்தான் இன்சார்ஜ். ஆறு மாதமாகப் பொறுப்பு பார்க்கிறேன், நிரந்தரமாக்கும் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. வெளிநாட்டில் உடுப்பு வாங்கும் பையர் படம் அனுப்பினால் அதைப் பார்த்து முதல் உடுப்பைத் தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அது அவருக்குப் பிடித்தால்தான் கம்பெனிக்கு ஆர்டர். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தேவையானதை மட்டும் சொல்வேன். தேவை நிறைய இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

செக்‌ஷனில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். காகிதத்தில் அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் குழந்தைவேல். தைக்க நசீமாவும் திருமூர்த்தியும். தைத்ததைச் சரிபார்க்க கீதப்பிரியா, எங்களில் சின்னவள். ஐந்து பேரும் ஒரே கைபோல வேலை செய்வோம்.

உத்ரா மேடம் முதலில் எல்லோரையும் இடது கையால் துணி வெட்டச் சொன்னார். திருமூர்த்தி வெட்டியதைப் பார்த்தால் எலி கடித்தது தேவலை. "முடியுதா?" என்று கேட்டார். "முடியுதுங் மேடம், ஆனா எரிச்சலா வருதுங்" என்றான். "அவ்வளவுதாங்க விஷயம். மனசுக்கும் வலது கை, இடது கை இருக்கு. சிலருக்கு பேசினாத்தான் யோசனை வரும், சிலருக்கு யோசிச்சாத்தான் பேச்சு வரும். எது நல்லது, எது கெட்டதுன்னு இல்லை. எது முதல்ல வருதுங்கறதுதான்" என்றார். நல்லாத்தான் சொன்னார்.

பிறகு ஆளுக்கொரு ஃபாரம். அறுபது கேள்வி, அத்தனையும் இங்கிலீஷில். ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என்று இரண்டு பதில், நம் கணக்கில் அ, ஆ. ஒன்றில் டிக் போட வேண்டும். நம் ஆட்கள் முழித்தார்கள். விடுவேனா? கேள்வியைப் படித்து, தமிழில் சொல்லி, பதிலையும் சொல்லிவிட்டேன். "விசேஷத்துக்குப் போனா நாலு பேர்கிட்டப் பேசுவமா, மூலையில உக்காருவமா? பேசுவம். அ போடுங்க." மாஸ்டர் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "என்ன மாஸ்டர் யோசனை, அ போடுங்க" என்றேன். போட்டார். மற்ற செக்‌ஷன்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டன. நாங்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

ஜூன் 6, செவ்வாய்

கரண்ட் இல்லை. சட்னி அம்மியில் அரைத்தேன். கை வலி, எழுத முடியாது.

ஜூன் 8, வியாழன்

ரிசல்ட் வந்தது. ஒவ்வொருவர் குணத்துக்கும் நாலு இங்கிலீஷ் எழுத்து. கட்டிங் செக்‌ஷனில் பத்துப் பேருக்குப் பத்து விதமாக வந்திருக்கிறது. எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே நாலு எழுத்து. ஓர் எழுத்துகூட மாறவில்லை. கலகலப்பாகப் பேசுவார்கள், சட்டென்று முடிவெடுப்பார்கள், முன்னே நின்று நடத்துவார்கள் என்று போட்டிருக்கிறது.

உத்ரா மேடம் ஐந்து தாளையும் மேசையில் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். "பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒரு டீமை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து பேருக்கும் ஒரே குணம் என்றால் சும்மாவா? வீட்டுக்கு வரும் வழியில் பாதாம் அல்வா வாங்கினேன். கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டெப்போவில் பஸ் ரிப்பேர் பார்க்கிறவர், எதற்கும் வாய் திறக்க மாட்டார். அல்வாவைச் சாப்பிட்டார்.

ஜூன் 9, வெள்ளி

குழந்தைகளுக்கான ரோம்பர் சாம்பிள் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. சட்டையும் ஜட்டியும் ஒன்றாகத் தைத்த உடுப்பு அது. முதல் முறை நிறம் சரியில்லை என்றார்கள், இந்த முறை கழுத்து சின்னதாக இருக்கிறதாம். எங்கள் செக்‌ஷனில் ஒரு குழந்தை பொம்மை இருக்கிறது, பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பாவுக்கு மாட்டிப் பார்த்தேன். காதோடு நின்றுவிட்டது. இழுத்ததில் பாப்பாவின் தலைதான் கழன்று வந்தது.

"யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று சத்தம் போட்டேன். மாஸ்டர் பேட்டர்ன் அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில், குண்டு குண்டான கையெழுத்தில்: "கழுத்து பத்தாது. அரை இன்ச் இறக்க வேண்டும். இல்லையென்றால் தலை நுழையாது." கீழே தேதி மே 24. முதல் சாம்பிள் வெட்டுவதற்கு முந்தின நாள்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன மாஸ்டர்?"

"சொல்லலாம்னுதானுங் வந்தேன். நீங்க பேசீட்டிருந்தீங். முடியட்டும்னு நின்னனுங். அதுக்குள்ள வெட்டிட்டாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கவில்லை. அரை இன்ச் இறக்கி மூன்றாவது சாம்பிள் தைத்து அனுப்பியாகிவிட்டது. கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. கலகலப்பாகப் பேசுகிறவர் என்றுதானே மாஸ்டருக்கும் ரிசல்ட் வந்தது?

ஜூன் 12, திங்கள்

ஜி.எம். சிவசண்முகம் சார் கூப்பிட்டார். மேசைமேல் எங்கள் ஐந்து தாள்களும்.

"ஏம்மா, சாம்பிள் ஏன் திரும்பித் திரும்பி வருதுன்னு இப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அஞ்சு பேரும் முந்திக்கிட்டுப் பேசற ஆளுங்க. உக்காந்து நிதானமா யோசிக்கறதுக்கு ஒருத்தர்கூட இல்லை. பெருந்துறை யூனிட்ல ஒரு பேட்டர்ன் மாஸ்டர் இருக்காரு, அமைதியானவரு. அவரை இங்க கொண்டு வந்தர்றேன். குழந்தைவேலு ஒண்ணாந்தேதியில இருந்து அங்க போயிரட்டும்."

இந்தக் கம்பெனியிலேயே வாய் திறக்காத மனிதரை, வாயாடி என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த டிக் ஒவ்வொன்றும் நான் போடச் சொன்னது. சொல்லியிருக்க வேண்டும். "சார், அந்த ஃபாரத்தை நிரப்புனது நானு" என்று ஒரே வரிதான். என் நிரந்தரக் கடிதம் அதே மேசையில், அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நான் "சரிங் சார்" என்றேன்.

மாஸ்டரிடம் சொன்னபோது அவரும் "சரிங்" என்றார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. மனிதர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 13, செவ்வாய்

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 14, புதன்

ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதியது பொய். இன்று சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வழக்கமாக நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். இந்த முறை என்னவோ, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு தோசை ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதைத் திருப்பும்போது மனிதர் பேசினார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னோட ஃபாரத்தையும் நீதானே நிரப்பறே."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "அப்ப உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?" என்றேன். இன்னொரு தோசை முடியும்வரை யோசித்தார். "சட்னி வேண்டாம். பொடி பிடிக்கும்." பத்தொன்பது வருடமாக இந்த மனிதருக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

காலையில் உத்ரா மேடத்துக்கு போன் போட்டு ஒப்புக்கொண்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்திருக்கிறார், சத்தம் வராமல். "சாந்தாமணி, நான் ஒரு வாரமா இந்த அஞ்சு தாளை வச்சுக்கிட்டு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா இதை வச்சு ஆளை மாத்தறது தப்புங்க. இது நம்மளை நாம தெரிஞ்சுக்கறதுக்கு. யாரை எங்கே போடறதுன்னு முடிவு பண்றதுக்கு இல்லை. நான் சார்கிட்டச் சொல்றேன்."

"நானே சொல்றனுங் மேடம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த கையோடு சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் முழுவதையும் கேட்டார். கடிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். "சனிக்கிழமை திரும்ப எழுதட்டும். நீ அந்தப் பக்கமே போகக் கூடாது" என்றார். அந்த டிராயர் மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் பாருங்கள், மூன்று நாளாக இருந்த தலைவலி போன இடம் தெரியவில்லை.

ஜூன் 17, சனி

இந்த முறை ஃபாரம் தமிழில். என்னைத் துணி குடோனில் தனியாக உட்காரவைத்துவிட்டார்கள். என்னுடையதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். மீதி நேரம் முழுக்க ரோல்களை எண்ணினேன். நூற்றிப் பதினேழு.

மத்தியானம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, அவரவர் பதிலை அவரவரே சொல்லச் சொன்னார் உத்ரா மேடம். நான் குறுக்கே பேசினால் நசீமா என் தொடையில் கிள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஏழு தடவை கிள்ளினாள்.

அந்த நசீமாவைத்தான் நான் என்னைப்போல லொடலொடப் பேர்வழி என்று நினைத்திருந்தேன். "அக்கா, நான் உங்களுக்காகப் பேசறேன். உங்களுக்கு யாராச்சும் பதில் சொல்லோணும்ல? அதுக்கப்புறம்தான் மொட்டை மாடிப் படியில போயி தனியா உக்காந்துக்கறேன்" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் காணாமல் போவது வீட்டுக்கு போன் பேசத்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

திருமூர்த்திக்கு முதல் நாளே மறுநாள் வேலை தெரிய வேண்டுமாம். காலையில் நான் திடீரென்று வேலையை மாற்றினால் அவனுக்கு வயிறு கலங்குமாம். "அதான் நீ அடிக்கடி பாத்ரூம் போறியா?" என்று கேட்டேன். எட்டாவது கிள்ளு.

கீதப்பிரியா தலையைக் குனிந்துகொண்டே, தனக்கு முன்னே நின்று வேலையை நடத்தப் பிடிக்கும் என்றாள். அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. நான்தான் மறுபடி சொல்லச் சொன்னேன். அடுத்த சாம்பிளை அவள் பொறுப்பில் விடுகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மாஸ்டர் முறை வந்தது. எல்லாக் கேள்விக்கும் ஆ. அதற்குள் அவருடைய பழைய தாளைப் புரட்டிய உத்ரா மேடம், "இதுல ஒரு கேள்வியில இருந்த இங்கிலீஷ் தப்பை ஓரத்துல நீங்களே திருத்தி எழுதியிருக்கீங்களே?" என்றார். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். மாஸ்டர் பி.எஸ்சி. கணக்கு படித்தவராம். எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், தெரியாது.

"அப்புறம் ஏன் மாஸ்டர் நான் சொன்னதை எல்லாம் போட்டீங்க?"

"ஆசையாச் சொல்லிக் குடுத்துட்டிருந்தீங். கெடுப்பானேன்னுதானுங்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு என்னைப் பற்றி நான்கு பேரும் ஆளுக்கொரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். நான்கும் என்னுடையதோடு அச்சு அசலாகப் பொருந்தின. என்னைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லையாம்.

ஜூன் 19, திங்கள்

சாரிடம் புது ரிசல்ட்டைக் கொடுத்தோம். படித்தார், சிரிப்பை அடக்கினார். "சரி, பழசை விட்டுருவோம். ஆனா ஒண்ணு. குழந்தைவேலு வீடு விஜயமங்கலம். பெருந்துறை அவருக்குக் கால் மணி நேரம். இங்க வர ரெண்டு பஸ் மாறறாரு. அவருக்கு அங்கயே வசதியா இருந்தா நாம தடுக்கக் கூடாது. நீ கேளு. கேக்க மட்டும் செய்யி. பதிலை அவரு சொல்லட்டும்."

என் கடிதம் இன்னும் அந்த டிராயருக்குள்தான். அட, இதை நான் யோசிக்கவே இல்லை. அவர் போகக் கூடாது என்று நான் தவிக்கிறேனே, அவருக்குப் போக ஆசையா என்று கேட்டேனா? அதுவும் நான் நிரப்பிய ஃபாரம்தான்.

கேட்டேன். பெருந்துறையா, இங்கேயா, எதுவானாலும் அவர் இஷ்டம் என்றேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பற்களை இறுக்கிக் கடித்துக்கொண்டேன்.

"யோசிச்சுச் சொல்றனுங்" என்றார்.

ஜூன் 20, செவ்வாய்

சொல்லவில்லை. என் பேச்சு அவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடக் கூடாது என்று நாள் முழுக்க அவரிடம் வாயே திறக்கவில்லை. அளவுத் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவர் இடத்தைத் தாண்டும்போது விடுவிடுவென்று நடக்கிறேன், நின்றால் பேசிவிடுவேன்.

மூன்றாவது ரோம்பர் பாஸ். பையர் பச்சைக் கொடி காட்டிவிட்டார். பாப்பாவின் தலையை ஒட்டி, எங்களிடம் இருந்த நகலை மாட்டிப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு இறங்கியது. மாஸ்டரைப் பாராட்ட நாக்கு துடித்தது. பாராட்டினால் அதுவும் ஒரு தூண்டில்தானே என்று அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 21, புதன்

இன்றும் சொல்லவில்லை. செக்‌ஷனே இழவு வீடுபோல இருக்கிறது. "அக்கா, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நசீமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கணவருக்கு இட்லிப் பொடி இடித்தேன். எள் கொஞ்சம் கருகிவிட்டது. மனம் எங்கேயோ இருக்கிறது. மாஸ்டர் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? எழுதிவிட்டேன், எழுதினதை அடிக்கப்போவதில்லை.

ஜூன் 22, வியாழன்

சாயங்காலம் ஐந்தரை மணி. மாஸ்டர் தன் வளைவு ஸ்கேல், பென்சில் டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவ்வளவுதான். மூன்று நாளாகக் கட்டிவைத்த வாய் அவிழ்ந்துவிட்டது.

"எங்க மாஸ்டர் கிளம்பிட்டீங்க? ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்குதில்ல? போறதுன்னா போங்க, யாரு வேண்டாம்னா? கால் மணி நேரத்துல வீடு, நல்லா சுடு சோறு சாப்பிடுங்க. இங்க நான் அந்தப் பெருந்துறைக்காரரை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? அவரு அட்டைக்குப் பின்னால எழுதுவாரா? எழுதினாலும் உங்க கையெழுத்து மாதிரி குண்டு குண்டா இருக்குமா? நீங்க போறது எனக்குப் பிடிக்கலை மாஸ்டர். சொல்லக் கூடாதுன்னு சாரு சொன்னாரு, சொல்லிட்டேன். உங்க இஷ்டம்னு கேட்டனே, அது பொய்யி. என் இஷ்டம் நீங்க இங்க இருக்கோணும்கறது. உங்க இஷ்டம் என்னன்னு எனக்குத் தெரியாது, அதை நீங்கதான் சொல்லோணும்."

இன்னும் நிறையச் சொன்னேன், எழுத இடம் போதாது. பக்கத்து லைனில் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாஸ்டர் பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவர் பேசும்வரை நானும் பேசவில்லை. நசீமா கிள்ள வேண்டியிருக்கவில்லை.

"திங்கக்கிழமையே சொல்லீரலாம்னுதானுங் இருந்தேன், இங்கயே இருந்துக்கறேன்னு" என்றார். "மறுநாள் வந்து பாத்தா அம்மிணி பேச்சையே நிறுத்திட்டீங். எட்டு வருசத்துல நீங்க என்கிட்டப் பேசாம இருந்ததே இல்லீங். கோவமாட்ட இருக்குது, நாம போறதுதான் அவங்களுக்கு இஷ்டமாட்ட இருக்குதுன்னு நினைச்சுப் போட்டனுங்."

நான் அவருக்காக வாயை மூடியிருக்கிறேன். மனிதர் அதற்கும் தானாக ஓர் அர்த்தம் எழுதிவைத்திருக்கிறார்.

"ரெண்டு பஸ் மாறோணுமே மாஸ்டர்?"

"அது கிடக்குதுங். இந்த மூணு நாளும் ஒரு அளவு ஒழுங்கா வரலீங் எனக்கு. பக்கத்துல நீங்க பேசீட்டிருந்தாத்தானுங் என்னோட யோசனை ஓடுது. அங்கயும் என்னாட்டவே பேசாத ஆளுகதானாமா. அத்தனை பேரும் பேசாம உக்காந்தா யாரு என்னத்தைங் பண்றது?"

பையைத் திறந்து வளைவு ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்த சாம்பிளுக்கான அட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஐந்தே முக்கால், அவருடைய முதல் பஸ் போயிருக்கும்.

"நீங்க பேசுங் அம்மிணி" என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டே.